கோயில் வரியும் அரசிறையும்: ஆலயக் கணக்கேடு பற்றிய ஒரு பாடம்

மட்டக்களப்புப் பிரதேச ஆலயங்களில் கொடியேற்றத்துக்கோ சடங்குக்கோ முன்பாக ஊர்க்கூட்டம் கூடுவதும், சென்ற ஆண்டின் வரவு செலவு வாசிக்கப்படுவதும், இவ்வாண்டுக்குரிய கோயில் வரி எவ்வளவு என்று தீர்மானிக்கப்படுவதும் நெடுங்கால வழக்கமாகும். பொருளாளர் கணக்கு வாசிக்கும்போது கூடியிருப்போரில் பலர் காது கொடுப்பது இரண்டு எண்களுக்கு மட்டுமே. ஒன்று மொத்த வரவு, மற்றது கையிருப்பு. இடையில் உள்ளவை கேட்பாரற்றுப் போய்விடுகின்றன. ஆனால் ஓர் ஆலயத்தின் நன்மை தீமை பெரும்பாலும் அந்த இடைப்பகுதியிலேதான் இருக்கிறது. வந்த பணம் எவ்வளவு என்பதைப் போலவே, அது என்ன பணம் என்பதும் முக்கியமானது. வரியா, நன்கொடையா, கட்டணமா, வாடகையா, வட்டியா என்பதைப் பணம் வந்த அன்றே எழுதிவைக்காவிட்டால், பின்னர் எந்தக் கணக்காளராலும் எந்தக் கணனியாலும் அதைச் சரியாகச் சொல்லிவிட முடியாது.

வண்ணக்கர் என்னும் பெயர்

மட்டக்களப்பு ஆலயங்களில் குடிகளின் சார்பாக நிர்வாகம் பார்ப்பவர் வண்ணக்கர் எனப்படுகிறார். இன்று பல ஊர்களில் பரிபாலன சபை, தலைவர், செயலாளர், பொருளாளர் என்ற அமைப்பு ஏற்பட்டுவிட்டாலும் வண்ணக்கர் என்ற சொல் மறையவில்லை. இச்சொல்லின் பழைய பொருளை அறிந்தோர் குறைவு. வண்ணக்கன் என்றால் பழந்தமிழில் நாணயத்தைச் சோதித்து நல்லது கெட்டது பார்ப்பவன் என்று பொருள். சங்கப் புலவர்களுள்ளும் வடம வண்ணக்கன் தாமோதரனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான் என்று இப்பெயர் தாங்கியோர் உளர். காசைக் கையில் வாங்கி, இது எப்படிப்பட்ட காசு என்று பார்த்துச் சொல்பவர் என்ற அந்தப் பழைய பொருள் ஆலய நிர்வாகிக்கு இன்றும் பொருந்தும்.

கணக்குக் காட்டும் கடமையும் புதிதன்று. தொண்டை மண்டலத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டளவில் வெட்டப்பட்ட கல்வெட்டுக்கள் ஊர்ச்சபைத் தேர்வின் விதிகளைக் கூறுகின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடவோலையில் இடக்கூடாது என்பது அவற்றுள் ஒன்று. அவருடைய நெருங்கிய உறவினர்க்கும் அதே தடைதான். கணக்குக் காட்டாமை ஒரு வீட்டின் பழியாகவே அன்று கருதப்பட்டது.

ஐந்து விதமான பணம்

ஒரு ஆலயத்துக்கு வரும் பணத்தை வகைப்படுத்த ஒரே ஒரு கேள்வி போதும்: கொடுத்தவருக்குப் பதிலாக என்ன கிடைத்தது?

குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் கூடித் தீர்மானித்துக் கொடுக்கும் வரிக்கு எந்தப் பண்டமும் பதிலாகக் கிடைப்பதில்லை. கிடைப்பது உறுப்புரிமை, அதாவது கூட்டத்தில் பேசவும் வாக்களிக்கவும் திருவிழாவில் பங்கெடுக்கவும் உள்ள உரிமை. சங்கங்கள் இதனைச் சந்தா என்கின்றன. கோபுரத் திருப்பணிக்கு ஒருவர் மனமுவந்து தருவது நன்கொடை. அதற்குப் பதில் எதுவுமில்லை. ஆனால் அவர் எதற்கென்று தந்தாரோ அதற்கே அது செலவாக வேண்டும். மண்டபத்தைத் திருமணத்துக்குக் கொடுத்துப் பெறுவது வாடகை. இங்கே கொடுத்தவருக்குச் சமமான பயன் கிடைத்துவிட்டது. வங்கியில் இட்ட நிலையான வைப்புக்கு வருவது வட்டி. ஆலய வயலைக் குத்தகைக்குக் கொடுத்து வரும் நெல், விற்ற அன்றைய விலைக்கு வருமானமாகும்.

அருச்சனைச் சீட்டு இவற்றுள் எதில் சேரும் என்று கேட்டால் விவாதம் எழும். அடியார் மனதில் அது காணிக்கை. ஏட்டிலோ, விலை குறித்த சீட்டுக்கு ஒரு சேவை நடந்தபடியால் அதைத் தனி நிரலில் எழுதுவதே நல்லது. உண்டியலில் இட்ட காசோடு கலந்துவிட்டால் பிறகு பிரிக்க இயலாது. வைகாசிச் சடங்குக்காக வீடு வீடாகத் தண்டும் நெல்லுக்கும் இதே விதிதான். எத்தனை மரைக்கால் வந்தது, எவ்வளவு அன்னதானத்துக்குப் போனது, எவ்வளவு விற்கப்பட்டது என்ற மூன்றும் எழுதப்பட வேண்டும். விற்ற பணத்தை மட்டும் எழுதினால் அன்னதானத்துக்கு ஊர் கொடுத்த நெல் ஏட்டில் காணாமலே போகும்.

ஓர் உதாரணம்

240 குடும்பங்கள் உள்ள ஓர் ஆலயத்தை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். குடும்ப வரி 2,000 ரூபா. ஆகவே வரவேண்டியது 480,000 ரூபா. 203 குடும்பங்கள் கட்டின. வந்தது 406,000 ரூபா. மீதி 37 குடும்பங்களுள் 12 குடும்பங்களின் நிலையறிந்து சபை விலக்களித்தது. அது 24,000 ரூபா. எஞ்சிய 25 குடும்பங்களின் 50,000 ரூபா நிலுவை. ஏட்டில் 406,000 என்று மட்டும் எழுதினால் இம்மூன்று உண்மைகளில் இரண்டு மறைந்துவிடும்.

அதே ஆண்டில் அருச்சனைச் சீட்டால் 145,000, மண்டப வாடகையால் 90,000, வயல் குத்தகை நெல்லால் 120,000, வெளிநாட்டில் உள்ள ஊரவர் கோபுரத்துக்கென அனுப்பியது 600,000 என்று வைத்துக்கொள்ளலாம். வங்கியில் பத்து இலட்சம் ரூபா நிலையான வைப்பில் உள்ளது. நூற்றுக்கு 8 வீதம் என்றால் வட்டி 80,000. ஆனால் வங்கிப் புத்தகத்தில் ஏறியிருப்பது 72,000 மட்டுமே. காரணம், 2025 ஏப்ரல் 1 முதல் வங்கிகள் வட்டியில் 10 வீதத்தை வருமான வரிக்கென முன்கூட்டியே கழித்து அரசுக்கு அனுப்புகின்றன. 2023 ஜனவரியில் இம்முறை மீண்டும் தொடங்கியபோது அது 5 வீதமாக இருந்தது.

இங்கேதான் பல பொருளாளர்கள் தவறுகின்றனர். வந்தது 72,000, ஆகவே வட்டி 72,000 என்று எழுதிவிடுகின்றனர். சரியான முறை, வட்டி வருமானம் 80,000 என்று வரவிலும், அரசுக்குக் கழிக்கப்பட்ட வரி 8,000 என்று வேறு நிரலிலும் எழுதுவதாகும். வங்கி தரும் கழிப்புச் சான்றிதழை அந்தப் பக்கத்தோடு சேர்த்து வைக்க வேண்டும். அந்த 8,000 ரூபா ஆலயத்தின் பெயரில் அரசிடம் இருக்கும் பணம். ஏட்டிலேயே இல்லாத ஒன்றைத் திரும்பக் கேட்கவோ, கட்டவேண்டிய வரியில் கழிக்கவோ எவராலும் முடியாது.

மொத்த வரவு 1,441,000 ரூபா. கேட்பதற்குப் பெரிய தொகைதான். ஆனால் அதில் 600,000 கோபுரத்துக்குரியது, 8,000 அரசிடம் உள்ளது. திருவிழாவுக்கும் நித்திய பூசைக்கும் கையில் இருப்பது 833,000 மட்டுமே. கோபுரப் பணத்தில் கை வைத்துத் திருவிழாவை நடத்திவிட்டு, அடுத்த ஆண்டு சரிசெய்யலாம் என்று நினைப்பது எவ்வளவு நல்ல மனதோடு செய்யப்பட்டாலும் நம்பிக்கைப் பொறுப்பை மீறும் செயலாகும்.

அரசின் சட்டங்கள் சொல்வது

இலங்கையில் ஆலயச் சொத்து 1917 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறது. சமய வளர்ச்சி அச்சட்டத்தில் தரும நோக்கங்களுள் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது. பொறுப்பாளர் தெளிவான கணக்கு வைத்திருக்கக் கடமைப்பட்டவர். அதன் 102 ஆம் பிரிவின்படி ஆலயத்தில் அக்கறையுள்ள ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்து மாவட்ட நீதிமன்றத்தை நாடி, கணக்குக் காட்டுமாறு கட்டளையிடும்படியும், பொறுப்பாளரை நீக்கும்படியும், நிர்வாகத் திட்டம் ஒன்றை வகுக்கும்படியும் கேட்கலாம். வழக்கு என்று போய்விட்டால் திருவிழாச் செலவை விட நீதிமன்றச் செலவு கூடிவிடும் என்பது அனுபவமுள்ளோர் அறிந்ததே.

வருமான வரியைப் பொறுத்தவரை, 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம். வரி ஆண்டு ஏப்ரல் 1 இல் தொடங்கி மார்ச் 31 இல் முடிகிறது. விபரத்திரட்டு அதன்பின் எட்டு மாதங்களுள், அதாவது நவம்பர் 30 இற்கு முன் கொடுக்கப்பட வேண்டும். இப்போது இது உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் ராமிஸ் எனப்படும் இணையவழிச் சேவையூடாக நடைபெறுகிறது. ஆலயக் கணக்கைச் சித்திரையிலிருந்து சித்திரைக்கோ, திருவிழாவிலிருந்து திருவிழாவுக்கோ முடிக்கும் ஊர்கள் உண்டு. அவ்வழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் மார்ச் 31 அன்று ஒரு கோடு கிழித்து அன்றைய மீதியை எழுதி வைத்தால் இரண்டு தேவைக்கும் ஒரே ஏடு உதவும்.

2021 இல் செய்யப்பட்ட திருத்தம், உரிய அமைச்சில் பதிவுபெற்ற சமய நிறுவனங்களுக்கு வரும் நன்கொடைகளை வரி விலக்கில் சேர்த்தது. இங்கே இரண்டு சொற்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று பதிவு, மற்றது நன்கொடை. பதிவில்லாத ஆலயம் இச்சலுகையைச் சுட்டிக்காட்ட முடியாது. ஆலயங்களை இந்து சமய கலாசார அலுவல்கள் திணைக்களம் பதிவு செய்கிறது. வட்டியும் வாடகையும் நன்கொடை ஆகா. எல்லாவற்றையும் "ஆலய வரவு" என்று ஒரே தலைப்பில் எழுதியிருந்தால், விலக்குக்குரிய பணத்தையும் விலக்கற்ற பணத்தையும் பிரித்துக் காட்டும் வழியில்லை. ஒவ்வொரு ஆலயத்தின் நிலையும் வேறுபடுமாதலால், தமது ஆலயம் விபரத்திரட்டுக் கொடுக்க வேண்டுமா என்பதைப் பரிபாலன சபையினர் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டு, பதிலைக் கோவையில் வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

ஆலயத்தைச் சார்ந்து நிவாரணப் பணிக்கோ கல்விப் பணிக்கோ தனிச் சங்கம் அமைப்போர் இன்னுமொன்றை அறிய வேண்டும். 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதியப்படும் தொண்டு நிறுவனங்களுக்கு வேறு விதி. முன்னைய 2006 ஆம் ஆண்டின் சட்டத்தைப் போலவே 2017 ஆம் ஆண்டின் சட்டமும் அரச சார்பற்ற நிறுவனம் பெறும் நன்கொடைகளில் நூற்றுக்கு 3 வீதத்தை வருமானமாகக் கொண்டு அதற்கு வரி கணிக்கிறது. ஆகவே ஆலயத்தின் பணமும் சங்கத்தின் பணமும் ஒரே வங்கிக் கணக்கில் கிடந்தால் ஒன்றுக்குரிய சுமை மற்றதன் தலையில் விழக்கூடும்.

உறுப்பினர் தரும் வரி ஏன் வருமானமாகாது என்றும் சிலர் கேட்பதுண்டு. இதற்கு ஆங்கிலச் சட்டத்தில் பழைய விடை ஒன்று உண்டு. தாமே சேர்த்துத் தாமே செலவிடும் பொதுப்பணத்தில் எவரும் தம்மிடமிருந்தே இலாபம் பெற முடியாது என்பதே அது. 1889 இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபை நியூயோர்க் ஆயுள் காப்புறுதிக் கம்பனியின் வழக்கில் இக்கொள்கையை ஏற்றது. அதன் எல்லையை 2013 இல் இந்திய உச்ச நீதிமன்றம் பெங்களூர் கிளப்பின் வழக்கில் காட்டியது. உறுப்பினர் பணமே ஆயினும், அதை வங்கியில் இட்டு வட்டி பெற்றால் அந்த வட்டி இக்கொள்கைக்குள் வராது, ஏனெனில் வங்கி அந்தப் பணத்தை வெளியாருக்குக் கடன் கொடுத்துப் பயன்படுத்துகிறது என்று தீர்ப்பாயிற்று. இவை நமது நீதிமன்றங்களின் தீர்ப்புக்கள் அல்ல. எனினும் சந்தாவையும் வட்டியையும் ஏன் வெவ்வேறாக எழுத வேண்டும் என்பதை விளக்க இவற்றை விட நல்ல உதாரணம் இல்லை.

கடல் கடந்தோரின் படிவங்கள்

புலம்பெயர்ந்த மட்டக்களப்பார் தாம் வாழும் நாடுகளில் ஆலயங்களும் ஊர்ச் சங்கங்களும் அமைத்துள்ளனர். அவர்கள் அனுப்பும் பணத்தால் இங்கு கோபுரங்கள் எழுகின்றன. அவர்கள் அங்கே நிரப்பும் படிவத்தை அறிந்தால், இங்கிருந்து பற்றுச்சீட்டை ஏன் திருப்பித் திருப்பிக் கேட்கிறார்கள் என்பது விளங்கும்.

கனடாவில் பதிவுபெற்ற தரும நிறுவனம் ஒவ்வொன்றும் நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துள் ரி3010 என்னும் படிவத்தைக் கொடுக்க வேண்டும். அதில் வரிச்சலுகைப் பற்றுச்சீட்டு வழங்கப்படாத உறுப்புரிமைச் சந்தாவுக்கென்றே 4620 என்ற தனி வரி உண்டு. (தமிழில் வரி என்பது கோட்டையும் குறிக்கும், இறையையும் குறிக்கும். இந்த ஓரிடத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.) இங்கிலாந்தில் தரும நிறுவனத்துக்கு வரி செலுத்துவோர் தரும் ஒவ்வொரு பவுணுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்த்துக் கொடுக்கும் முறை உண்டு. சந்தாவும் இதற்குத் தகுதி பெறலாம். ஆனால் அந்தச் சந்தாவால் உறுப்பினருக்கு மண்டபமோ பிற வசதியோ சொந்தப் பயனுக்குக் கிடைப்பதாயின் தகுதி போய்விடும்.

அமெரிக்காவில் ஆலயங்கள் ஆண்டு விபரத்திரட்டிலிருந்து விலக்குப் பெற்றவை. ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் அவ்வாறல்ல. ஆண்டு வரவு வழமையாக 50,000 டொலருக்கு மேற்படாத சிறு சங்கத்துக்கு 990-என் என்ற மிகச் சிறிய இணையவழிப் படிவம் போதும். பெரியவை 990-ஈஇசட் அல்லது முழுப் 990 படிவத்தை நிரப்ப வேண்டும். அங்கே மென்பொருள் முதலில் கேட்பதே சந்தாவைப் பற்றித்தான். உறுப்பினர் ஆதரவாகத் தந்தது நன்கொடைப் பகுதியில் சேரும். சந்தாவுக்குச் சமமான பயன் கிடைத்திருந்தால் அது சேவை வருமானப் பகுதிக்குப் போகும். 100 டொலர் சந்தாவில் 40 டொலர் பெறுமதியான பொங்கல் விருந்துச் சீட்டும் அடங்கியிருந்தால், பிரிக்க வேண்டியது பொருளாளரே. மென்பொருள் பிரிக்காது. தட்டச்சிட்ட பெட்டியில் அது தொகையைப் போட்டு, கூட்டலையும் சரியாகச் செய்து, பிழையான படிவத்தை அழகாக அச்சிட்டுக் கொடுக்கும். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் படிவம் கொடுக்காத சங்கம் வரி விலக்கைத் தானாகவே இழக்கும். 2011 ஜூனில் இவ்வாறு விலக்கிழந்தவற்றின் முதற் பட்டியல் வெளியானபோது அதில் ஏறத்தாழ 275,000 அமைப்புக்கள் இருந்தன.

இங்கும் சில ஆலயங்கள் கணனியில் கணக்கெழுதத் தொடங்கியுள்ளன. அது வரவேற்கத்தக்கதே. ஆனால் கடைகளுக்கென ஆக்கப்பட்ட மென்பொருளில் வருகின்ற பணமெல்லாம் "விற்பனை" என்ற தலைப்பில் போய் விழும். முதல் நாளே ஆலயத்துக்குரிய தலைப்புக்களை அதில் உண்டாக்க வேண்டும். வந்தாறுமூலைக்கு ஒரு வாய்ப்பு உண்டு. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வணிக முகாமைத்துவ பீடம் ஊரிலேயே இருக்கிறது. அங்கு படித்து வெளியேறும் பிள்ளைகளுள் ஒருவரைக் கணக்காய்வுக்கு அழைக்க ஆலயங்கள் தயங்க வேண்டியதில்லை.

பொருளாளரின் சொந்த வங்கிப் புத்தகம்

ஆலயப் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்குவதற்குப் பதிவு, யாப்பு, கூட்டத் தீர்மானம் என்று பல கடதாசிகள் வேண்டும். அந்த அலைச்சலுக்கு அஞ்சி, நம்பிக்கையான ஒருவரின் சொந்தக் கணக்குக்கே வெளிநாட்டுப் பணத்தை வரவழைக்கும் வழக்கம் கிராமங்களில் உண்டு. அவர் நாணயமானவராகவே இருக்கட்டும். ஆனால் வங்கிக்கும் இறைவரித் திணைக்களத்துக்கும் அது அவருடைய பணம். வட்டி அவருடைய வரி செலுத்துநர் அடையாள இலக்கத்தின் கீழ்ப் பதியப்படும். ஆலயம் தனக்குரிய விலக்கைக் கேட்க முடியாது. அவரோ தாம் பெறாத பணத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

இதனிலும் பெரிய ஆபத்து அவர் திடீரென இறந்துவிட்டால் நேர்வது. அந்தப் பணம் சட்டப்படி அவருடைய மரணச் சொத்தோடு சேரும். மனைவி பிள்ளைகள் நல்லவர்களாயினும், நீதிமன்ற அனுமதி வரும்வரை வங்கி பணத்தைக் கொடுக்காது. கட்டிய கோபுரம் பாதியில் நிற்கும். கணவனை இழந்த வீட்டின் வாசலில் ஊர் போய் நின்று பணம் கேட்கும் நிலையும் வரும். அந்த வீட்டார் அதன்பின் திருவிழாவுக்கு எந்த முகத்தோடு வருவார்கள்? ஆலயப் பெயரில் கணக்கு, இருவர் அல்லது மூவர் கையெழுத்து என்பது பொருளாளர் மீதான ஐயத்தால் வருவதன்று. அவரையும் அவர் குடும்பத்தையும் காப்பது அதுவே.

கட்டாதவரும் கட்ட முடியாதவரும்

மேலே காட்டிய உதாரணத்தில் 12 குடும்பங்களுக்குச் சபை விலக்களித்தது. யுத்தத்தாலும் நோயாலும் உழைப்பாளியை இழந்து பெண் தலைமை தாங்கும் வீடுகள் இப்பகுதிக் கிராமங்களில் இல்லாமலில்லை. அத்தகைய வீட்டின் பெயருக்கு எதிரே வெற்றிடம் விட்டால், பத்து ஆண்டுகள் கழித்து வரும் புதிய சபைக்கு அது "கட்டவில்லை" என்றே தெரியும். அவ்வீட்டுப் பிள்ளையின் உறுப்புரிமையும் வாக்குரிமையும் திருவிழாப் பங்கும் அந்த வெற்றிடத்தால் மறுக்கப்படலாம். "சபை விலக்களித்தது" என்று எழுதி, தீர்மான இலக்கத்தையும் திகதியையும் குறித்துவிட்டால் அப்பேச்சுக்கு இடமில்லை. அதே நேரம், கூட்டத்தில் கணக்கை வாசிக்கும்போது விலக்குப் பெற்றோரின் எண்ணிக்கையை மட்டும் வாசித்தாற் போதும். பெயர்கள் ஏட்டோடு இருக்கட்டும்.

பற்றுச்சீட்டுப் புத்தகத்தை அச்சிடும்போதே வரி, நன்கொடை, அருச்சனை, வாடகை, பிற என்று ஐந்து கட்டங்கள் போட்டுவிட்டால், பணம் வாங்குபவர் ஒன்றில் அடையாளமிட்டே ஆக வேண்டும். நன்கொடைக் கட்டத்தின் கீழ் "எதற்காக" என்றொரு கோடும் இருக்க வேண்டும். சீட்டுக்களில் தொடர் இலக்கம் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். பிழையாக எழுதிய சீட்டைக் கிழித்தெறியாமல் குறுக்கே கோடிட்டு அடிக்கட்டையோடு இணைத்து வைக்க வேண்டும். மாத முடிவில் அடிக்கட்டை, ஏடு, வங்கிப் புத்தகம் மூன்றையும் பொருளாளரும் இன்னொருவரும் சேர்ந்து ஒப்பிட்டுக் கையெழுத்திடுவது அரைநாள் வேலைதான். 1978 நவம்பர் 23 ஆம் திகதியின் சூறாவளியையும் 1990 ஆம் ஆண்டின் இடப்பெயர்வையும் கண்ட ஊர்களில் ஏடு ஒரே இடத்தில் இருப்பது போதாது. ஆண்டு முடிவில் எடுக்கப்படும் பிரதியொன்று ஆலயத்துக்கு வெளியே, வெள்ளம் ஏறாத வேறொரு வீட்டில் இருக்க வேண்டும். எந்த வீட்டில் என்பதும் கூட்ட அறிக்கையில் எழுதப்பட வேண்டும்.